ஒரு கொத்து அரிசியின் விலை

விலைவாசி பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் என் வயதை ஒத்த இலங்கையர்கள் ஒரு கணக்கைச் சொல்லத் தவறுவதில்லை. "எங்கள் காலத்தில் ஒரு கொத்து அரிசி இருபத்தைந்து சதம்." சொல்லிவிட்டு ஒரு பெருமூச்சு. அதன் பின்னர் அமைச்சர்களின் வாகனங்கள், வெளிநாட்டுப் பயணங்கள், திறப்பு விழாக்கள் என்று அரசாங்கத்தின் ஊதாரித்தனத்தைப் பட்டியலிடுவார்கள். அந்தப் பட்டியலில் பிழை காண்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் அந்த 25 சத அரிசிக்கான அந்நியச் செலாவணியை உழைத்துக் கொடுத்தவர்கள் யார், அரசாங்கம் சிக்கனம் பேசிய ஒவ்வொரு முறையும் முதலில் வெட்டு விழுந்தது எந்த அடுப்பில் என்ற கேள்வியை மட்டும் எவரும் கேட்பதில்லை. விடையைத் தேடுபவர்கள் சப்ரகமுவவின் இறப்பர் தோட்டங்களுக்குப் போக வேண்டும். (தமிழக வாசகர்களுக்காக: கொத்து என்பது ஏறத்தாழ இரண்டு இறாத்தல் அரிசி கொள்ளும் அளவு.)

1950இல் கொரியப் போர் மூண்டதும் இறப்பர் விலை பாய்ந்து ஏறியது. ஏற்றுமதித் தீர்வையால் திறைசேரியும் நிறைந்தது. போரின் வேகம் தணிந்ததும் இறப்பர் சரிந்தது. அரிசியோ ஏறிக்கொண்டே போயிற்று. கம்யூனிஸ்ட் சீனாவுக்கு இறப்பர் விற்கக் கூடாது என்று மேற்குலகம் கண்டிப்புக் காட்டிய நேரம் அது. கம்யூனிசத்தை ஒருபோதும் விரும்பாத ஐக்கிய தேசியக் கட்சி அரசாங்கம், வேறு வழியின்றி வர்த்தக அமைச்சர் ஆர். ஜி. சேனநாயக்கவைப் பீக்கிங்குக்கு அனுப்பியது. 1952 டிசம்பரில் ஒப்பந்தம் கைச்சாத்தானது. ஐந்து ஆண்டுகளுக்கு, ஆண்டுதோறும் 50,000 தொன் இறப்பர். மறுபுறம் 270,000 தொன் அரிசி. சீனா சந்தை விலைக்கு மேலாகவே இறப்பருக்குக் கொடுத்தது. அமெரிக்க உதவி நிறுத்தப்பட்டது. பின்னர் திரும்பத் திரும்பப் புதுப்பிக்கப்பட்டு 1982 வரை நீடித்த இந்த ஏற்பாட்டை நமது பாடநூல்கள் இராஜதந்திர வெற்றி என்று புகழ்கின்றன. வெற்றிதான், மறுப்பதற்கில்லை.

அந்த இறப்பர் எங்கே விளைந்தது? பெரும்பாலும் கேகாலை, இரத்தினபுரி, களுத்துறை மாவட்டங்களில். சிறு துண்டு நிலங்களில் பால் வெட்டிய சிங்களக் கிராமத்தவரின் பங்கு அதில் கணிசமானது. பெருந்தோட்டங்களில் வெட்டியவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். எட்டியாந்தோட்டை, தெஹியோவிட்ட, தெரணியகலை, நிவித்திகலை, காவத்தை என்று விரியும் அந்தச் சரிவுகளில், இருள் பிரியுமுன் பிரட்டுக்களத்தில் பேர் கொடுத்து, வெயில் ஏறுமுன் மரம் மரமாகச் சென்று பட்டையைச் சீவி, சிரட்டையில் வடியும் பாலைச் சேர்த்துக் கொண்டுவருபவர்கள். வெயில் ஏறினால் பால் நின்றுவிடும். மழை பெய்தாலோ பட்டை நனைந்து, வெட்டே இல்லாமல் போய்விடும். வெட்டு இல்லையென்றால் பேர் இல்லை. பேர் இல்லையென்றால் சம்பளம் இல்லை. இரத்தினபுரியோ இலங்கையில் மிக அதிகமாக மழை பெய்யும் பகுதிகளில் ஒன்று. தேயிலைக்கு மழை கொழுந்து தரும். இறப்பருக்கு மழை பட்டினி தரும். மலையகம் என்றாலே நுவரெலியாவின் பச்சைப் பசுமையை மட்டும் நினைப்பவர்கள் இந்த வேறுபாட்டை மறந்துவிடுகிறார்கள்.

ஒப்பந்தம் கைச்சாத்தானபோது இந்தத் தொழிலாளர்களில் மிகப் பெரும்பாலோர் எந்த நாட்டின் பிரசைகளும் அல்லர். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டமும் மறு ஆண்டு வந்த சட்டங்களும் அவர்களிடமிருந்து பிரசாவுரிமையையும் வாக்கையும் பறித்துவிட்டன. நாட்டுக்கு அரிசி கொண்டுவரும் இறப்பரைச் சுரந்தவர்களுக்கு, அந்த அரிசியின் விலையைத் தீர்மானிக்கும் பாராளுமன்றத்தில் வாக்கு இல்லை.

விலை சீக்கிரமே தீர்மானிக்கப்பட்டது. 1953 ஜூலையில் நிதியமைச்சர் ஜே. ஆர். ஜயவர்தன, பங்கீட்டு அரிசியின் விலையைக் கொத்துக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தினார். பாடசாலைப் பிள்ளைகளின் மதிய உணவு நின்றது. தபால், புகையிரதக் கட்டணங்கள் உயர்ந்தன. ஆகஸ்ட் 12ஆம் திகதி இடதுசாரிகள் ஹர்த்தாலுக்கு அழைத்தார்கள். தெற்கும் மேற்கும் கொதித்தன. அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் கூடியது என்றால் நிலைமையை ஊகித்துக்கொள்ளலாம். துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. பிரதமர் டட்லி சேனநாயக்க அக்டோபரில் பதவி விலகினார். அடுத்து வந்த கொத்தலாவலை அரசாங்கம் விலையைச் சற்றுக் குறைத்தது.

தோட்டங்கள் இந்த எழுச்சியில் பெரும்பாலும் ஒதுங்கியே நின்றன. வாக்கும் பிரசாவுரிமையும் இல்லாதவன், நாட்டைவிட்டே அனுப்பப்படலாம் என்ற அச்சத்தோடு வாழ்பவன், எந்தத் துணிவில் தெருவுக்கு வருவான்?

ஹர்த்தாலின் முன்னணித் தலைவர்களில் ஒருவர் கலாநிதி என். எம். பெரேரா, லங்கா சமசமாஜக் கட்சியின் தலைவர். கேகாலை மாவட்டத்தோடு அவருக்கு இருந்த பந்தம் ஆழமானது. 1934-35 மலேரியாக் கொள்ளைநோய் அந்த மாவட்டத்தை வாட்டியபோது கிராமம் கிராமமாகப் பருப்பு விநியோகித்து 'பருப்பு மாத்தயா' என்று அன்போடு அழைக்கப்பட்டவர். 1936இல் ருவன்வெல்லையிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானவர். 1960 முதல் எட்டியாந்தோட்டையின் பாராளுமன்ற உறுப்பினர். பிரசாவுரிமைச் சட்டத்தை எதிர்த்து வாக்களித்த சிங்களத் தலைவர்களுள் ஒருவர். இத்தனையும் அவருடைய கணக்கில் வரவு. 1970இல் அவர் நிதியமைச்சரானார்.

1970 தேர்தலே ஒரு கொத்து அரிசியின் தேர்தல்தான். 1966இல் டட்லி அரசாங்கம் இரண்டு கொத்தை ஒன்றாகக் குறைத்திருந்தது. வெட்டிய கொத்தைத் திருப்பித் தருவோம் என்றது ஐக்கிய முன்னணி. சந்திரனிலிருந்தாவது அரிசி கொண்டுவருவேன் என்று திருமதி பண்டாரநாயக்க சொன்னதாக இன்றும் கேலி பேசுவதுண்டு. அடுத்த நான்கு ஆண்டுகளில் உலகச் சந்தையில் அரிசி விலை மூன்று மடங்குக்கும் மேலாக ஏறியது. எண்ணெய் நெருக்கடி சேர்ந்துகொண்டது. கையில் செலாவணி இல்லை. 1973இல் பங்கீடு வெட்டப்பட்டது; மாவும் பாணும் சீனியும் கைக்கெட்டாமல் போயின. மாவட்டம் விட்டு மாவட்டம் அரிசி கொண்டுசெல்லத் தடை, வீதியில் மறித்துச் சோதனை. எழுபது சத அரிசிக்கு எதிராக நாட்டை நிறுத்திய மனிதரே பங்கீட்டை வெட்ட வேண்டிய நாற்காலியில் அமர்ந்திருந்தார். அந்த நெருக்கடிக்கு அவரைத் தனியே குற்றவாளியாக்குவது நியாயமல்ல என்பதே என் கருத்து. ஆனால் அவருடைய தொகுதிக்குள்ளேயே இருந்த லயன்களில் என்ன நடந்தது என்பதையும் சொல்லாமல் விட முடியாது.

கிராமத்தவனுக்கு வீட்டின் பின்னால் ஒரு பலா மரம் இருந்தது, ஈரப்பலா இருந்தது, கொஞ்சம் மரவள்ளி இருந்தது. தோட்டத்துக்காரனுக்கு லயத்தின் பின்னால் இருந்தது தோட்டத்து இறப்பர் மரம். அதன் பாலைக் குடிக்க முடியாது. அவன் கூப்பன் அரிசியையும் கோதுமை மாவையும் நம்பியே வாழ்ந்தான். நிலச் சீர்திருத்தம் வரப்போகிறது என்றறிந்த உரிமையாளர்கள் பராமரிப்பைக் கைவிட்டதால் வேலை நாட்களும் குறைந்தன. 1974இல் தோட்டங்களின் இறப்பு விகிதம் நாட்டின் ஏனைய பகுதிகளை வெகுதூரம் விஞ்சி எகிறியதை அரசாங்கத்தின் சொந்தப் புள்ளிவிவரங்களே காட்டுகின்றன. இறந்தவர்களில் குழந்தைகள் ஏராளம்.

அப்போது நான் கொழும்பில் ஒரு பத்திரிகையின் ஆசிரியபீடத்தில் உதவியாளன். அவசரகாலச் சட்டம் நடப்பில் இருந்தது. தோட்டங்களிலிருந்து தபாலட்டைகள் வந்துகொண்டிருக்கும். சிலவற்றில் நான்கு வரிதான், அதுவும் பிள்ளையைக் கொண்டு எழுதுவித்தது. 'பட்டினி' என்று எழுதி வருவது மேசையைத் தாண்டும்போது 'போசாக்கின்மை' ஆகிவிடும். மூத்த ஆசிரியர் சிவப்புப் பேனையால் அந்தச் சொல்லை மாற்றுவதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அலுவலகத்துக்கு வெளியே, கோட்டைப் புகையிரத நிலையப் பக்கம், தோட்டங்களிலிருந்து வந்து கையேந்தி நின்ற குடும்பங்களை மாற்றி எழுத எந்தப் பேனையும் இருக்கவில்லை.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1976 ஆகஸ்டில், கொழும்பில் அணிசேரா நாடுகளின் உச்சி மாநாடு நடந்தது. மாநாட்டு மண்டபம் சீனாவின் அன்பளிப்பு, 1973இல் திறக்கப்பட்டது. வரவேற்பும் அலங்காரமும் வாகன அணியும் நம்முடைய செலவு. நாட்டின் மதிப்பு உயர்ந்தது என்பார்கள், உயர்ந்திருக்கலாம். அதே 1976இல்தான் களனிவெளிப் புகையிரதப் பாதையில் இரத்தினபுரி, ஓபநாயக்க வரை சென்ற பகுதி இலாபம் தராது என்று மூடப்பட்டது. 1912இல் இரத்தினபுரியையும் 1919இல் ஓபநாயக்கவையும் எட்டிய அந்தச் சிறு ரயில், தோட்டங்களின் இறப்பரையும் தேயிலையையும் கொழும்புக்குச் சுமந்த ரயில். தலைநகரின் நாலு நாள் விழாவுக்குப் பணம் கிடைக்கும். சப்ரகமுவவின் ரயிலுக்குக் கிடைக்காது. வீண்செலவு என்பதற்கு அகராதியில் பொருள் தேடுபவர்கள் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

1977இல் ஜே. ஆர். ஜயவர்தன வாரத்துக்கு எட்டு இறாத்தல் தானியம் தருவதாகச் சொல்லி வென்றார். ஆம், 1953இன் அதே நிதியமைச்சர்தான். 1979இல் பங்கீடே ஒழிந்தது. பதிலுக்கு உணவு முத்திரை வந்தது. மாதம் 300 ரூபாவுக்குக் குறைந்த வருமானமுள்ள குடும்பங்களுக்கு மட்டும். இங்கே ஒரு விநோதம். கிராமத்துக் கூலிக்காரரின் வருமானத்தை எவரும் எழுதி வைப்பதில்லை. அவர் சொன்னதுதான் கணக்கு. தோட்டத் தொழிலாளியின் வருமானமோ செக்ரோலில் சதம் பிசகாமல் இருந்தது. கணவன், மனைவி, வயது வந்த பிள்ளை என்று மூன்று பேரின் சம்பளத்தைக் கூட்டினால் எல்லையைத் தாண்டிவிடும். கணக்கு வைத்திருந்த குற்றத்துக்காக அவர்களிற் பெரும்பாலோர் முத்திரை பெறவில்லை. பெற்றவர்களுக்கும் பெரிய நன்மை இல்லை. முத்திரையின் ரூபாய்ப் பெறுமதி அசையாமல் நின்றது, விலைகள் நிற்கவில்லை.

விலைகளை அளந்த கோலும் அவர்களுடையது அல்ல. பல பத்தாண்டுகளாக இலங்கையின் வாழ்க்கைச் செலவு, கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணால் அளக்கப்பட்டது. 1949-50இல் கொழும்புத் தொழிலாளர் குடும்பங்கள் எதை எவ்வளவு வாங்கின என்ற ஆய்வே அதன் அத்திவாரம். 1952ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட அந்தச் சுட்டெண் 2007 வரை பயன்பாட்டில் இருந்தது. தெரணியகலைக் கடைக்காரர் கருவாட்டுக்கு வாங்கிய விலைக்கும் அதற்கும் என்ன தொடர்பு?

இதற்கிடையே ஓர் உபதேசம் மட்டும் தலைமுறைகளைக் கடந்து வருகிறது. தோட்டத்தார் சேமிக்கத் தெரியாதவர்கள். தீபாவளிக்கும் சாராயத்துக்கும் சம்பளத்தைத் தொலைப்பவர்கள். துரைமார் சொன்னார்கள், அதிகாரிகள் சொன்னார்கள், நம்மவர்களிலும் பலர் சொல்கிறார்கள். சாராயம் குடும்பங்களை அழித்ததை நான் மறுக்கவில்லை. ஆனால் கடன் அவர்களின் பழக்கம் அல்ல, அவர்களைக் கட்டிப்போட்ட கயிறு. கடல் கடந்து வந்த செலவையே கடனாக எழுதி, அந்தக் கடனைத் 'துண்டு' என்ற சீட்டில் குறித்து, தோட்டத்துக்குத் தோட்டம் ஆளோடு சேர்த்துக் கைமாற்றிய முறை 1921இல்தான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. துண்டு போயிற்று, கடைப் பற்று வந்தது, தீபாவளி முற்பணம் வந்தது, அடகுச் சீட்டு வந்தது, இப்போது வாராந்தம் வசூலிக்க வரும் நுண்கடன். சாராயத்தின் தீர்வையும் திறைசேரிக்கே போகிறது என்பதைக் குடிகாரனைத் திட்டுபவர்கள் சொல்வதில்லை. பெண்ணுக்கு ஆணுக்குச் சமமான சம்பளமே 1984இல்தான் கிடைத்தது. அதற்கு முன் அவள் சேமித்திருக்க வேண்டிய பணம் யாரிடம் சேர்ந்தது?

2022இல் எல்லாருக்கும் அடி விழுந்தது. விமானங்கள் வராத மத்தல விமான நிலையமும், கொழும்பின் தாமரைக் கோபுரமும், இரசாயன உரத்துக்கு ஒரே இரவில் போட்ட தடையும் நாடறிந்த கதைகள். ஏப்ரலில் நாடு கடனைத் திருப்பிச் செலுத்த முடியாது என்று அறிவித்தது. செப்டம்பரில் கொழும்பின் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டது. தோட்ட லயன்களில் கதைக்கப்படுவது வேறோர் எண். ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாவானது. நாட்சம்பளம் அப்போது ஆயிரம் ரூபா. அதற்கும் மூன்று ஆண்டுகள் முன்பே, 2019 அரசாங்கக் கணக்கெடுப்பில், நகரங்களில் நூற்றுக்கு ஆறு பேர் வறியவர்களாயிருக்க, தோட்டங்களில் ஐம்பத்தொரு பேர் வறியவர்கள்.

2024 மே தினத்தில் 1,700 ரூபாவென வர்த்தமானி வந்தது. கம்பனிகள் நீதிமன்றம் போயின. செப்டம்பரில் அது 1,350 ஆயிற்று. 2025 நவம்பர் வரவு செலவுத் திட்டத்தில், கம்பனிகள் தரவேண்டியது 1,550, வருகைக்காக அரசாங்கம் தருவது 200, ஆக 1,750 என்று முன்மொழியப்பட்டது. தொகையை எல்லாப் பத்திரிகைகளும் கொட்டை எழுத்தில் போட்டன. எட்டியாந்தோட்டைப் பக்கம் பால் வெட்டும் குடும்பத்தைச் சேர்ந்த இளைஞர் ஒருவரிடம் தொலைபேசியில் இதைப் பற்றிக் கேட்டேன். "ஒரு நாளைக்குச் சரி ஐயா," என்றார். "இந்த மாசம் மழை. பதினொரு பேர்தான் விழுந்திருக்கு."