ஊர்ப் பெயர் கொண்ட இரத்தம்

தாணேக்குச் சரித்திரத்தில் ஒரு தனி இடம் உண்டு. இந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1853 ஏப்ரல் 16ஆம் நாள் போரிபந்தரிலிருந்து புறப்பட்டு நம் தாணேயில்தான் வந்து நின்றது. இது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரிந்த சேதி. ஆனால் அதற்கு ஏறக்குறைய நூறு ஆண்டுகள் கழித்து, 1952இல், நாம் தினமும் ரயிலில் கடந்து போகிற பரேலில் நடந்த ஒரு கண்டுபிடிப்பு, உலகத்து மருத்துவ நூல்களிலெல்லாம் இந்த மாநகரத்தின் பெயரைப் பொறித்துவிட்டது. இங்கேயே பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளில்கூடப் பலருக்கு அது தெரியாது. 'பாம்பே இரத்த வகை' என்பதுதான் அது.

இரத்த தான முகாம்களில் பெயர் பதியும் மேஜையில் உட்காரும் வேலை எனக்கு அடிக்கடி வாய்ப்பதுண்டு. "என்ன குரூப்?" என்று கேட்டால் சிலர், "நமக்கு ஓ குரூப்ங்க, யாருக்கு வேணும்னாலும் ஏத்தலாம்" என்று பெருமையாகச் சொல்வார்கள். ஆர்.எச். பொருத்தம் என்று ஒன்று இருப்பதை ஒதுக்கிவைத்துப் பார்த்தால், அந்த நம்பிக்கை பெரும்பாலும் சரியே. ஆனால் அந்த ஓ வகை இரத்தமும் ஏற்றக் கூடாத மனிதர்கள் உண்டு. அவர்களை முதன்முதலில் அடையாளம் கண்ட நகரம் இது.

கதையைச் சற்றுப் பின்னாலிருந்து தொடங்குவோம். ஒருவர் இரத்தத்தை இன்னொருவருக்கு ஏற்றினால் சிலர் பிழைக்கிறார்கள், சிலர் இறந்துபோகிறார்கள். இது ஏன் என்று நெடுங்காலம் யாருக்கும் புரியவில்லை. 1901இல் வியன்னாவில் கார்ல் லான்ட்ஸ்டைனர் என்ற அறிஞர், ஒருவரது இரத்தத் தெளிநீரை மற்றவரது சிவப்பணுக்களோடு கலந்து பார்த்தார். சில கலவைகளில் அணுக்கள் திரிதிரியாகக் கட்டிக்கொண்டன. சிலவற்றில் ஒன்றும் ஆகவில்லை. இரத்தத்தில் வகைகள் உண்டு என்ற உண்மை இப்படித்தான் வெளிப்பட்டது. இதற்காக 1930இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

முதல் உலகப் போரின்போது கிரேக்க நாட்டின் சலோனிகா துறைமுகத்தில் ஹிர்ஷ்ஃபெல்ட் தம்பதியர் பல நாட்டுப் படைவீரர்களின் இரத்தத்தைச் சோதித்தார்கள். 1919இல் வெளிவந்த அவர்களது கட்டுரையில், இந்தியச் சிப்பாய்களில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் பி வகையினர் என்று கண்டிருந்தது. ஐரோப்பியரிடம் பி வகை மிகக் குறைவு. இரத்த வகைகளின் விகிதம் நாட்டுக்கு நாடு மாறும் என்பது இதிலிருந்து தெளிவாயிற்று.

இனி அந்த வகைகள் எப்படி உண்டாகின்றன என்று பார்ப்போம். விஷயம் ரொம்ப எளிது. சுவரில் ஓர் ஆணி அடித்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சிவப்பணுவின் மேற்பரப்பில் அந்த ஆணி மாதிரி இருப்பது 'எச்' என்ற சர்க்கரைச் சங்கிலி. அந்த ஆணியில் ஒரு வகைச் சர்க்கரையை மாட்டினால் ஏ வகை. இன்னொரு வகைச் சர்க்கரையை மாட்டினால் பி வகை. இரண்டும் மாட்டியிருந்தால் ஏபி. ஒன்றும் மாட்டாமல் ஆணி மட்டும் வெறுமனே இருந்தால் அதுதான் ஓ. ஆக, ஓ வகைக்காரர்களிடம் எச் என்னும் ஆணி நிறையவே இருக்கிறது. நம் எல்லோரிடமும் அந்த ஆணி இருப்பதால் நம் உடல் அதைப் பகையாக நினைப்பதில்லை.

அப்படியானால் சுவரில் ஆணியே இல்லாத மனிதர் இருந்தால்? அவரிடம் ஏ சர்க்கரையை மாட்டும் மரபணு இருக்கலாம், பி சர்க்கரையை மாட்டும் மரபணுவும் இருக்கலாம். ஆனால் மாட்டுவதற்கு இடமில்லை! சாதாரணச் சோதனையில் ஏயும் தெரியாது, பியும் தெரியாது. "ஓ" என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள். ஆனால் அவருடைய உடலுக்கு எச் என்பது அந்நியப் பொருள். அதை எதிர்க்கும் எதிர்ப்பொருள் அவர் இரத்தத்தில் இயற்கையாகவே இருக்கும். அவருக்கு ஓ வகை இரத்தத்தை ஏற்றினால், ஏற்றிய அணுக்களை அவரது உடல் உடைத்தெறியத் தொடங்கும். உயிருக்கே ஆபத்து.

இப்படிப்பட்ட மூன்று பேரைப் பற்றித்தான் 1952இல் 'லான்செட்' மருத்துவ இதழில் கட்டுரை வந்தது. பரேல் சேட் ஜி.எஸ். மருத்துவக் கல்லூரியின் டாக்டர் ஒய்.எம். பேண்டே முதல் ஆசிரியர். தேஷ்பாண்டே, பாட்டியா ஆகியோரும், லண்டன் லிஸ்டர் நிறுவனத்து ஆய்வாளர்களான ரேஸ், ரூத் சாங்கர், மார்கன், வினிஃப்ரெட் வாட்கின்ஸ் ஆகியோரும் அதில் பங்கு பெற்றனர். சுதந்திரம் கிடைத்து ஐந்தே ஆண்டுகளில், நம்மூர் ஆய்வுக்கூடத்தில் எழுந்த ஒரு சந்தேகம் உலக அறிவியலுக்குப் புதிய பாடமாயிற்று. கே.இ.எம். மருத்துவமனை வளாகத்தில் 1957இல் இரத்த வகை ஆய்வு மையம் ஒன்று தொடங்கப்பட்டது. பின்னாளில் அது தேசிய நிறுவனமாகவே வளர்ந்தது. நகரத்தின் பெயர் 1995இல் மும்பை என்று மாறிவிட்டது. இரத்த வகையின் பெயர் மட்டும் இன்றைக்கும் பாம்பேதான்.

எச் இருக்கிறதா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? ஐரோப்பாவில் வளரும் ஒரு முட்புதரின் விதைச் சாறு இதற்கு உதவுகிறது. எச் உள்ள அணுக்களை அது கட்டிக்கொள்ளச் செய்யும். பாம்பே வகை அணுக்களோ அசையாது. விதைச் சாற்றுக்கு இப்படி ஒரு குணமா என்று வியக்க வேண்டாம். நம் வீட்டு அடுப்படியில் இருக்கும் கொள்ளுக்கும் இது மாதிரி ஒரு குணம் உண்டு. கொள்ளின் சாறு ஏ வகை அணுக்களைத் தேடிப் பிடித்துக் கட்டிக்கொள்ளச் செய்கிறது என்பதை 1951இல் 'கரன்ட் சயின்ஸ்' இதழில் வெளியிட்டவர் ஜி.டபிள்யூ.ஜி. பேர்ட். அவர் புனே ராணுவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தவர். ஏ வகையின் உட்பிரிவுகளைப் பிரித்தறிய ஆய்வுக்கூடங்களில் இன்றும் கொள்ளுச் சாறு பயன்படுகிறது. "அப்போ கொள்ளு ரசம் குடிச்சா ரத்தம் கட்டிக்குமா?" என்று பயப்பட வேண்டாம். அது பச்சை விதையின் புரதம் சோதனைக் குழாயில் செய்யும் வேலை. கொதிக்க வைத்தால் அந்தப் புரதம் சிதைந்துவிடும். ரசத்தைத் தாராளமாகக் குடிக்கலாம்.

பாம்பே வகையால் குடும்பத்தில் குழப்பமும் வரலாம். ஓ வகைத் தாய்க்கு ஏபி வகைக் குழந்தை பிறக்காது என்பது பாடப்புத்தக விதி. 1955இல் அமெரிக்காவில் ஃபிலிப் லெவைன் குழுவினர், ஓ என்று தோன்றிய ஒரு பெண்ணுக்கு ஏபி வகை மகள் இருப்பதை ஆராய்ந்து எழுதினார்கள். அந்தப் பெண்ணிடம் பி மரபணு இருந்தது. ஆணி இல்லாததால் அது வெளியே தெரியவில்லை. மகளுக்கோ தந்தை வழியில் ஆணி கிடைத்தது, மறைந்திருந்த பி வெளிப்பட்டது. விவரம் தெரியாத இடத்தில் ஒரு துண்டுக் காகிதத்தை வைத்துக்கொண்டு ஒரு பெண்ணின் மேல் சந்தேகப்பட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். இரத்த வகைச் சீட்டு ஒன்றை மட்டும் கொண்டு பிறப்பைப் பற்றித் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

பாம்பே என்ற பெயர் இருப்பதால் இது மும்பைக்காரர்களுக்கு மட்டும் உரியது என்று நினைத்துவிடக் கூடாது. இந்தியாவில் பொதுவாகப் பத்தாயிரம் பேருக்கு ஒருவர் என்ற அளவில் சொல்கிறார்கள். ஐரோப்பாவில் பத்து லட்சத்தில் ஒருவர் என்கிற அளவுக்கு அரிது. இந்துமாக்கடலில் உள்ள ரீயூனியன் தீவுக்கு 19ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்ட வேலைக்குப் போன இந்தியர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். அத்தீவின் இந்திய வம்சாவளியினரில் பாம்பே வகை உள்ளவர்களை ஆராய்ந்தபோது, இந்தியாவில் உள்ளவர்களிடம் காணும் அதே மரபணு மாற்றம்தான் தென்பட்டது. இதை 1998இல் வெளியிட்டார்கள். பிழைப்புத் தேடிப் போன இடத்துக்கு நம் முன்னோர் மொழியையும் மாரியம்மனையும் மட்டும் கொண்டுபோகவில்லை, கண்ணுக்குத் தெரியாத இதையும் கொண்டு போயிருக்கிறார்கள்.

நம்மவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று. தாய் தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் ஒருவர் பாம்பே வகையாவார். ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வந்தால் ஒன்றும் தெரியாது. மாமன் மகள், அத்தை மகன், அக்காள் மகள் என்று சொந்தத்துக்குள்ளேயே கல்யாணம் செய்யும் வழக்கம் நம்மிடம் உண்டு. அப்படிப்பட்ட குடும்பங்களில் ஒரே பழுது இரண்டு பக்கமும் இருக்கும் வாய்ப்பு அதிகம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பாம்பே வகையினர் நம்மைப் போலவே ஆரோக்கியமாக வாழ்பவர்கள். இரத்தம் ஏற்ற வேண்டிய நேரம் வரும்போதுதான் தொல்லை. ஒருவருக்கு இந்த வகை என்று தெரிந்தால் முதலில் உடன்பிறந்தவர்களைச் சோதிக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2011 மக்கள் தொகைக் கணக்கின்படி தாணே நகரில் 18 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். பத்தாயிரத்துக்கு ஒருவர் என்றால் சுமார் 180 பேர். அவர்களில் எத்தனை பேர் பையில் "ஓ" என்று எழுதிய சீட்டோடு தினமும் லோக்கலில் தொங்கிக்கொண்டு போகிறார்களோ! விபத்தில் அடிபட்டவருக்கு கிராஸ் மேட்ச் பார்க்க நேரமில்லாதபோது ஓ நெகட்டிவ் ஏற்றுவது உலகெங்கும் உள்ள வழக்கம். மற்றவர்களைக் காப்பாற்றும் அந்த வழக்கமே இவர்களுக்கு ஆபத்தாகிவிடும்.

வழி இல்லாமல் இல்லை. முன்பக்கச் சோதனை நம் அணுக்களைப் பார்க்கிறது. பின்பக்கச் சோதனை நம் தெளிநீரை ஏ, பி, ஓ அணுக்களோடு கலந்து பார்க்கிறது. பாம்பே வகைக்காரரின் தெளிநீர் ஓ அணுக்களையும் கட்டிக்கொள்ளச் செய்யும், குட்டு வெளிப்பட்டுவிடும். இரத்த வங்கிகளில் இந்த இரண்டு சோதனையும் நடக்கிறது. ஆகவே ஓ வகை என்று நம்பிக்கொண்டிருக்கும் அன்பர்கள் உடல்நிலை இடம் கொடுத்தால் ஒருமுறையாவது இரத்த தானம் செய்யுங்கள். பின்பக்கச் சோதனையும் ஆயிற்றா, ஓ அணுக்களோடு கலந்து பார்த்தார்களா என்று கேளுங்கள். பிறருக்குக் கொடுத்த புண்ணியமும் சேரும், உங்கள் இரத்தம் உண்மையில் என்ன வகை என்பதும் ஆபத்து வருவதற்கு முன்பே தெரிந்துவிடும். பாம்பே வகை என்று தெரிந்தவர்கள் அரிய வகைக் கொடையாளர் பட்டியலில் பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும். ஏனெனில் அவர்களுக்கு இரத்தம் தரக்கூடியவர் இன்னொரு பாம்பே வகைக்காரர் மட்டுமே. அவர் எந்த ஊரில், எந்த மொழி பேசும் வீட்டில் இருந்தாலும் அவர்தான் அந்த நேரத்தில் உறவு.