ஜன் சுன்வாய்

ஓர் ஊரில் அரசுப் பணம் எப்படிச் செலவானது என்பதை அந்த ஊராரே ஒன்றுகூடி, கணக்கேடுகளை உரக்கப் படித்துச் சரிபார்க்கும் பொது விசாரணைக்கு ஜன் சுன்வாய் என்று பெயர். ராஜஸ்தானின் நடுப்பகுதியில், ஆரவல்லி மலைத்தொடரை ஒட்டிய வறண்ட வட்டாரத்தில், மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்னும் உழைப்பாளர் உழவர் அமைப்பு 1994 டிசம்பரில் இதைத் தொடங்கியது. அடுத்த 11 ஆண்டுகளுக்குள் இந்தியாவின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்திற்கும், ஊரக வேலை உறுதித் திட்டத்தின் சமூகத் தணிக்கைக்கும் இதுவே வழி திறந்தது. ஊர்ப் பந்தலில் பழகிப் பார்த்த உரிமை, பிறகுதான் டெல்லியில் சட்டமாயிற்று. அந்த வரிசையை மறந்துவிட்டு இந்தச் சட்டங்களைப் புரிந்துகொள்ள முடியாது.

பஞ்ச வேலையும் பாதிக் கூலியும்

ராஜ்சமந்து, பாலி, அஜ்மீர், பில்வாரா மாவட்டங்கள் அன்று சந்தித்த இந்தப் பகுதியில் மழை பொய்ப்பது புதிதல்ல. மழை இல்லாத ஆண்டுகளில் அரசு பஞ்ச நிவாரண வேலைகளைத் திறக்கும். சாலை போடுதல், குளம் வெட்டுதல், தடுப்பணை கட்டுதல் என்று நிலமற்றோரும் சிறு விவசாயிகளும் மண் சுமப்பார்கள். ஆண்களில் பலர் பிழைப்புக்காக குஜராத்துக்கும் பிற ஊர்களுக்கும் போய்விடுவதால் வேலைத்தளத்தில் பெண்களே மிகுதி. சட்டம் சொன்ன குறைந்தபட்சக் கூலி அவர்கள் கைக்கு முழுதாக வந்ததில்லை.

அஜ்மீர் மாவட்டத்தின் ஹர்மாரா என்ற ஊரில், நௌர்த்தி பாய் என்னும் தலித் பெண் தொழிலாளியின் முன்னெடுப்பில் 1980களின் தொடக்கத்தில் இந்தக் கூலிக் குறைப்பு எதிர்க்கப்பட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. பஞ்ச நிவாரண வேலை என்று காரணம் காட்டிக் குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுப்பது, அரசமைப்பின் 23ஆம் பிரிவு தடுக்கும் கட்டாய உழைப்புக்குச் சமம் என்று 1983இல் தீர்ப்பு வந்தது. தீர்ப்பு வந்தும் கூலி உயரவில்லை. மக்கள் அந்த நௌர்த்தி பாயைப் பின்னாளில் ஹர்மாரா ஊராட்சியின் தலைவராகவே தேர்ந்தெடுத்தார்கள் என்பதையும் இங்கேயே குறிக்கலாம்.

1987இல் இதே வட்டாரத்தில் தேவ்துங்ரி என்ற சிற்றூரில் ஒரு மண் வீட்டில் நால்வர் குடியேறினார்கள். அருணா ராய், நிகில் தே, சங்கர் சிங், அவருடைய மனைவி அன்ஷி. அருணா ராய் 1946இல் சென்னையில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். 1968இல் ஐ.ஏ.எஸ். பணியில் சேர்ந்து, 1970களின் நடுவில் அதை விட்டு விலகி, அஜ்மீர் மாவட்டத்தின் திலோனியாவில் ஊரகப் பணியில் இருந்தவர். சங்கர் சிங் அந்த வட்டாரத்துக்காரர், பொம்மலாட்டத்திலும் கதை சொல்வதிலும் வல்லவர். வெளிநாட்டுப் பணமோ பெரு நிறுவனங்களின் நிதியோ வாங்குவதில்லை, முழுநேர ஊழியர்கள் குறைந்தபட்சக் கூலி அளவில்தான் வாழ்வது என்பது அவர்கள் வைத்துக்கொண்ட கட்டுப்பாடு. 1990 மே 1 அன்று பீம் என்ற ஊரில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் முறைப்படி தொடங்கப்பட்டது. ஆண்டுதோறும் மே நாளில் அங்கே தொழிலாளர் மேளா நடந்து வருகிறது.

முதலில் அவர்கள் கேட்டது கூலியைத்தான். உண்ணாவிரதமும் தர்ணாவும் நடந்தன. ஒவ்வொரு முறையும் அதிகாரிகளிடமிருந்து ஒரே பதில் வந்தது: நீங்கள் முழு வேலை செய்யவில்லை, அளவுப் புத்தகத்தில் அப்படித்தான் பதிவாகியிருக்கிறது. அந்தப் புத்தகத்தைக் காட்டுங்கள் என்று கேட்டால், அது அரசு ஆவணம், காட்டக்கூடாது என்பார்கள். 1923ஆம் ஆண்டின் அலுவல் ரகசியச் சட்டம் அவர்களுக்குத் துணை நின்றது. மண் சுமந்தவளின் பெயரும் அவள் சுமந்த அளவும் எழுதப்பட்ட தாளை அவளே பார்க்கக்கூடாது என்றது காலனிய காலத்துச் சட்டம். கூலிப் போராட்டம் தகவலுக்கான போராட்டமாக மாறியது இந்த இடத்தில்தான். படித்தவர்கள் கொண்டுவந்த கொள்கையாக அதைச் சொல்பவர்கள் உண்டு. கூலி கேட்டுத் திரும்பிய பெண்கள், வேலைக்கு வந்தோர் பெயரும் கூலியும் பதியும் மஸ்டர் ரோலை நேரில் பார்க்காமல் ஒன்றும் நடக்காது என்று கண்டுகொண்டதிலிருந்தே அது பிறந்தது.

பந்தலுக்குக் கீழே

முதல் ஜன் சுன்வாய் 1994 டிசம்பர் 2 அன்று பாலி மாவட்டத்தின் கோட் கிரானாவில் நடந்தது. அதே மாதம் பீம், விஜய்புரா ஆகிய ஊர்களிலும், 1995இல் ஜவாஜா, தானா ஆகிய ஊர்களிலும் தொடர்ந்தது. எந்தச் சட்டமும் துணைக்கு இல்லாத காலம் அது. எங்கேனும் ஓர் அதிகாரி மனமிரங்கி ஆவணங்களைப் பார்க்கவிட்டால்தான் உண்டு.

விசாரணை நாளுக்கு முன்பே வேலையின் பெரும்பகுதி முடிந்துவிடும். மஸ்டர் ரோல், பொருள் வாங்கிய பில், வவுச்சர், பொறியாளரின் அளவுப் புத்தகம் ஆகியவற்றைக் கையால் பார்த்து எழுதியோ நகல் எடுத்தோ வேலைவாரியாகப் பிரிப்பார்கள். பிறகு வீடு வீடாகப் போவார்கள். இந்தத் தேதிகளில் இந்தக் குளத்து வேலைக்குப் போனீர்களா, எத்தனை நாள், கையில் எவ்வளவு வந்தது? டிராக்டர் வைத்திருப்பவரிடம், இத்தனை நடை கல் ஏற்றினீர்களா என்று கேட்பார்கள். ஒட்டகத்திலும் கழுதையிலும் மண் சுமந்தவர்களிடமும் கேட்பார்கள். ஆவணத்தில் எழுதியிருப்பதும் ஊரார் நினைவில் இருப்பதும் எங்கே பொருந்தவில்லை என்பதைக் குறித்துவைப்பார்கள்.

விசாரணை நாளன்று பள்ளிக்கூட மைதானத்திலோ ஊர்ப் பொதுவிடத்திலோ துணிப் பந்தல் போடப்படும். ஒரு மேசை, ஒலிபெருக்கி. ஒரு பக்கம் வெளியூரிலிருந்து அழைக்கப்பட்ட வழக்கறிஞர்கள், பத்திரிகையாளர்கள், ஆசிரியர்கள், ஓய்வுபெற்ற அதிகாரிகள் நடுநிலையாளர்களாக உட்காருவார்கள். ஊராட்சித் தலைவரையும், ஊராட்சி ஆவணங்களை வைத்திருக்கும் அலுவலரான கிராம சேவகரையும், இளநிலைப் பொறியாளரையும் முறைப்படி அழைப்பார்கள். அவர்கள் பதில் சொல்லத் தனி நேரம் உண்டு. தொடக்கத்தில் சங்கர் சிங்கின் பொம்மைகள் வந்து கூட்டத்தைச் சிரிக்கவைத்து அச்சத்தைத் தளர்த்தும். அதன் பிறகு மஸ்டர் ரோல் படிக்கப்படும்.

ஒரு பெயர் வாசிக்கப்படும். அவர் செத்து எத்தனையோ வருடமாயிற்றே என்று கூட்டத்திலிருந்து குரல் எழும். அடுத்த பெயருக்கு உரியவர் எழுந்து, நான் அந்த வேலைத்தளத்தைக் கண்ணால் கூடப் பார்த்ததில்லை என்பார். இன்னொருவர், நான் வேலை செய்தது உண்மை, ஆனால் இதில் எழுதியிருக்கும் தொகையில் பாதிகூட வரவில்லை என்பார். கட்டி முடிந்ததாகக் கணக்கெழுதிய கட்டடம் கூரையும் கதவும் இல்லாமல் எல்லோர் கண்ணெதிரிலும் நிற்கும். பொருள் கொடுத்ததாகச் சொல்லப்பட்ட நிறுவனம் வெறும் காகிதத்தில் மட்டும் இருந்ததும் இப்படித்தான் வெளிப்பட்டது.

இந்த முறையின் பலம் அதன் எளிமையில் இருக்கிறது. மேடையில் இருப்பவர் யாரையும் திருடன் என்று சொல்வதில்லை. அரசே எழுதிய தாளை அரசின் சொற்களிலேயே வாசிக்கிறார், அவ்வளவுதான். உண்மையா பொய்யா என்பதை அந்தப் பெயருக்குரியவர் சொல்கிறார். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் தன் பெயர் தெரியும், தான் வேலை செய்த நாள் தெரியும். அலுவலகத்தில் எழுத்தறிவுக்கு இருந்த மேலாதிக்கம் பந்தலில் செல்லுபடியாவதில்லை. முகத்திரைக்குள்ளிருந்து பேசிய பெண்களின் சாட்சியத்துக்கு அங்கே அதிகாரியின் கையெழுத்துக்கு நிகரான எடை கிடைத்தது. கோபம் கொந்தளிக்கும் கூட்டத்தில் அடிதடிக்கு இடமில்லாமல் போனதற்கும் இதுவே காரணம். பேச வேண்டியது அடுத்த பெயர், அடுத்த தொகை என்று தாள் கூட்டத்தை நடத்திக்கொண்டே போகிறது.

எதிர்ப்பு உடனே வந்தது. ஆவணங்களைக் காட்டச் சொல்வதைக் கண்டித்துக் கிராம சேவகர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். சாட்சி சொன்னவர்களுக்கு ஊரில் மிரட்டல் வந்தது. ஆனால் சில ஊராட்சித் தலைவர்கள் விசாரணைக்குப் பின் பணத்தைத் திருப்பிக் கொடுத்ததும் நடந்தது. 2001 ஏப்ரலில் ராஜ்சமந்து மாவட்டத்தின் ஜனாவத் ஊராட்சியில் நடந்த விசாரணைக்குப் பிறகு, அரசு அமைத்த குழுவே அங்கே பெரும் மோசடி நடந்திருப்பதை உறுதிசெய்தது.

பியாவரில் 40 நாள்

நகல் எடுக்கும் உரிமை இல்லாமல் இந்த வேலை ஓர் அதிகாரியின் தயவில் தொங்கிக்கொண்டிருந்தது. 1995 ஏப்ரல் 5 அன்று முதல்வர் பைரோன் சிங் ஷெகாவத், உள்ளாட்சிச் செலவு ஆவணங்களின் நகலைக் கட்டணம் செலுத்தி யாரும் பெறலாம் என்று சட்டமன்றத்தில் அறிவித்தார். ஓராண்டு ஆகியும் ஆணை வரவில்லை. 1996 ஏப்ரல் 6 அன்று பியாவர் நகரத்தின் சாங் கேட் பகுதியில் தர்ணா தொடங்கியது. தொடங்கிய கையோடு அரசு ஓர் ஆணையைப் பிறப்பித்தது. ஆவணத்தைப் பார்க்கலாம், குறிப்பெடுக்கலாம், நகல் மட்டும் கிடையாது என்றது அது. நீதிமன்றத்தில் கையெழுத்துக் குறிப்பை எவர் ஏற்பார்? தர்ணா நீடித்தது.

நாடாளுமன்றத் தேர்தல் நேரம் அது. வேட்பாளர்களின் ஒலிபெருக்கிகளுக்கு நடுவில் 40 நாள் இந்தப் பந்தல் நின்றது. சுற்றுவட்டார ஊர்களிலிருந்து தானியம் வந்தது. பியாவரின் தொழிற்சங்கங்களும் காய்கறி வியாபாரிகளும் கடைக்காரர்களும் உதவினார்கள். பாட்டும் பொம்மலாட்டமும் நாள்தோறும் நடந்தன. நமது பணம், நமது கணக்கு என்னும் பொருள்படும் முழக்கம் அங்கிருந்து நாடெங்கும் பரவியது. அமைப்பைச் சேர்ந்த சுசீலா என்ற கிராமத்துப் பெண், டெல்லியில் பத்திரிகையாளர்களிடம், மகனை 10 ரூபாய் கொடுத்துக் கடைக்கு அனுப்பினால் திரும்பி வந்ததும் கணக்குக் கேட்கிறேன், என் பெயரில் கோடிகளைச் செலவிடும் அரசிடம் கேட்கக்கூடாதா என்ற கருத்தைச் சொன்னார். இந்த உரிமையைப் பற்றி எழுதப்பட்ட நூற்றுக்கணக்கான பக்கங்களைவிட இது தெளிவானது.

1996 ஆகஸ்டில் மக்களின் தகவல் உரிமைக்கான தேசியப் பரப்புரை இயக்கம் தோன்றியது. நீதிபதி பி.பி. சாவந்த் தலைமையிலான பத்திரிகை மன்றம் ஒரு வரைவுச் சட்டத்தை உருவாக்கித் தந்தது. 1997இல் ஜெய்ப்பூரில் மீண்டும் 53 நாள் தர்ணா. அதன் முடிவில், நகல் பெறும் விதி ஆறு மாதத்துக்கு முன்பே அரசிதழில் வெளியாகிவிட்டது என்று அரசு சொன்னது. மக்கள் தெருவில் உட்கார்ந்து கேட்ட ஆணை, அத்தனை நாளும் அலுவலகத்தில் தூங்கிக் கிடந்திருக்கிறது.

சட்டமும் அதற்குப் பிறகும்

மாநிலங்களில் முதலாவதாகத் தகவல் உரிமைச் சட்டம் இயற்றியது தமிழ்நாடு, 1997இல். ஆனால் ஏராளமான விலக்குகளால் அது கைக்கு உதவாத சட்டமாகவே இருந்தது. ராஜஸ்தான் 2000இல் இயற்றியது. தேசியச் சட்டம் 2005 ஜூன் 15 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்று, அக்டோபர் 12 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. மத்திய அரசு அலுவலகத்துக்கு 10 ரூபாய்க் கட்டணத்தோடு எழுதினால் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். யாரும் கேட்காமலேயே வெளியிட வேண்டியவற்றை 4ஆம் பிரிவு பட்டியலிடுகிறது. ஜன் சுன்வாயின் நேரடி வாரிசு என்று சொல்லத்தக்கது, அதே ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டத்தின் 17ஆம் பிரிவு. திட்ட வேலைகள் அனைத்தையும் கிராம சபை சமூகத் தணிக்கை செய்ய வேண்டும் என்றது அது. ஆந்திரப் பிரதேசம் இதற்கெனத் தனி அமைப்பையே உருவாக்கியது. மேகாலயா 2017இல் சமூகத் தணிக்கைக்குத் தனிச் சட்டம் இயற்றிய முதல் மாநிலமானது.

சட்டமானதும் ஆபத்து குறைந்துவிடவில்லை. 2008 மே மாதம் ஜார்க்கண்டின் பலாமு மாவட்டத்தில் சமூகத் தணிக்கைக்கு உதவிக்கொண்டிருந்த லலித் மேத்தா கொல்லப்பட்டார். தகவல் கேட்டதற்காக உயிரிழந்தவர்கள் பல மாநிலங்களில் இருக்கிறார்கள். இன்னொரு சரிவு சத்தமில்லாமல் நடக்கிறது. அரசே நடத்தும் தணிக்கை பல இடங்களில் படிவம் நிரப்பும் சடங்காகிவிட்டது. ஊராட்சித் தலைவரின் ஆட்கள் சுற்றி நிற்க, தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்து வாங்கி முடிப்பதற்கு ஜன் சுன்வாய் என்று பெயர் சொல்ல முடியாது. முறைகேடு நிரூபிக்கப்பட்ட பிறகும் பணத்தை மீட்பதும் வழக்குத் தொடர்வதும் இந்த முறையின் கையில் இல்லை. அதன் பெரிய குறை இது.

2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 44(3) பிரிவு, தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவைத் திருத்தி, தனிநபர் தகவல் என்ற ஒரே காரணத்துக்காக ஆவணத்தை மறுக்க இடம் கொடுத்திருக்கிறது. இந்த இயக்கத்தினர் அதைக் கடுமையாக எதிர்க்கிறார்கள், அவர்கள் எதிர்ப்பது சரியே. பெயர்களை மறைத்துவிட்ட மஸ்டர் ரோலை எந்தப் பந்தலில் படித்தும் பயனில்லை. செத்தவர் பெயரில் கூலி எழுதியதைக் கண்டுபிடிக்க, செத்தவரின் பெயர் தெரிந்தாக வேண்டும்.

தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு நாள் கூட வேண்டும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. உங்கள் ஊர் சபைக்குப் போகும்போது, வரவு செலவுக் கணக்கைச் சுருக்கிச் சொல்லவிடாமல், ஒரே ஒரு வேலையின் பில்லையும் பெயர்ப் பட்டியலையும் முழுதாக வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.