புத்தளத்தில் கதை கேட்ட மன்னன்

உம்மம்மாவின் மடியில் படுத்துப் பாவாத மலைக் கதை கேட்டு உறங்கியவன் நான். அந்த மலைக்குப் போக வந்த ஒரு முஸாபிர், எங்கள் ஊர்க் கரையில் இறங்கி மன்னனுக்கே கதை சொன்னார் என்பதைப் பின்னாளில்தான் படித்தறிந்தேன்.

1344ஆம் ஆண்டு, மாலைதீவிலிருந்து மஃபருக்குப் புறப்பட்ட இப்னு பதூதாவின் கப்பலைக் காற்று இலங்கைப் பக்கம் தள்ளியது. கரைக்குரிய ஆரியச்சக்கரவர்த்தி பொல்லாதவன், கடற்கொள்ளைக் கப்பல்கள் வைத்திருப்பவன் என்று மாலுமிகள் அஞ்சினார்கள். தாம் மஃபர் சுல்தானின் உறவினர் என்று சொல்லி, இப்னு பதூதா துணிந்து கரையிறங்கினார். மரச்சுவரும் மரக்கொத்தளங்களும் சூழ்ந்த சிறிய, அழகிய பட்டினம் என்று புத்தளத்தை வருணிக்கிறார். வெள்ளம் அடித்து வந்த கறுவா மரங்கள் கரையில் குவிந்து கிடந்தனவாம்.

மன்னனுக்குப் பாரசீகம் புரிந்தது. பிறநாட்டு மன்னர்களின் செய்திகளை அவன் விரும்பிக் கேட்டான். மூன்று நாள் உபசரித்து, மலைக்குப் போகப் பல்லக்கும் வழித்துணையும் கொடுத்தான்.

இங்கே கதைசொல்லியின் கைவண்ணத்தைக் கவனியுங்கள். முதலில் அச்சமூட்டும் மன்னன்; கதவு திறந்ததும் ஆவலோடு செவிசாய்க்கும் மனிதன். மலைவழியில் இலைமுடி கட்டி, தடியூன்றி, சேவகர் சூழ அமரும் குரங்கரசனைக் காட்டுகிறார். இலையைத் தின்றால் இளமை திரும்பும் என்று நம்பப்பட்ட மரத்தைச் சொல்லிவிட்டு, அது பொய் என்று அவரே மறுக்கிறார். ஒன்றை மறுப்பவர் சொல்வதால் மற்றவற்றை நம்பத் தோன்றுகிறது. இன்றைய மாயாஜாலத் திரைப்படங்களும் தொலைக்காட்சித் தொடர்களும் பயன்படுத்துவது இந்தப் பழைய உத்தியைத்தான்.

ஆனால் ஒன்றை நாம் மறந்துவிடுகிறோம். அந்த மூன்று நாட்கள் நமக்குக் கிடைத்தது புத்தளத்தில் எவரும் எழுதிவைத்ததால் அல்ல. பதினொரு ஆண்டுகள் கழித்து, 1355இல், மொரோக்கோவின் பாஸ் நகரில் இப்னு ஜுஸை என்ற எழுத்தர் அவர் சொல்லச் சொல்ல எழுதி முடித்ததால்தான். அவர் இல்லாவிட்டால் ரிஹ்லாவும் இல்லை. நம் கரையில் நடந்த அந்த உரையாடலும் இல்லை.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட சுமார் எழுபத்தையாயிரம் முஸ்லிம்களில் பெரும்பாலானோர் இதே மாவட்டத்தில் தஞ்சமடைந்தார்கள். மன்னாரிலிருந்து படகேறிக் கற்பிட்டியில் இறங்கியோரும் அவர்களில் உண்டு. ஓலைக் குடிசைகளில் இரவுதோறும் அவர்கள் ஊர்க்கதை சொன்னார்கள், நாமும் கேட்டோம். பிறகு தொலைக்காட்சி வந்து அந்த நேரத்தை எடுத்துக்கொண்டது. சொன்ன பெரியவர்கள் ஒவ்வொருவராக மௌத்தாகிறார்கள்.

ஆரியச்சக்கரவர்த்தியைப் போல நாம் நன்றாகக் கேட்டோம். இனி வேண்டியவர் இப்னு ஜுஸை. பேனா பிடிக்கத் தெரிந்த நம் பிள்ளைகள் இந்த மஃரிபுக்குப் பின்னாவது ஒரு முதியவரின் திண்ணையில் போய் உட்காரட்டும்.