'இன்னும் இல்லை', 'உனக்கில்லை': ஒரு சந்தேகத்தின் வரலாறு

2018 ஏப்ரல் 26. அமெரிக்கன் ஃபுட்போலின் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல் அணிகள் கல்லூரி வீரர்களைத் தெரிவுசெய்யும் இரவு. இந்தத் தெரிவுக்கு ட்ராஃப்ட் எண்டு பெயர். லூயிவில் பல்கலைக்கழகத்தின் குவாட்டர்பக் லமார் ஜாக்சன் காத்திருக்கிறார். 2016இல், 19 வயதில், கல்லூரி ஃபுட்போலின் அதியுயர் விருதான ஹைஸ்மனை வென்றவர். அந்த விருதை வென்றவர்களில் வயதில் மிகக் குறைந்தவர். ஆனால் அவருக்கு முன்னால் நாலு குவாட்டர்பக்குகளின் பெயர்கள் வாசிக்கப்பட்டுவிட்டன. முதல் சுற்றின் கடைசி இடமான 32ஆவது இடத்தில்தான் பால்டிமோர் ரேவன்ஸ் அவரை எடுத்தது.

இந்த விளையாட்டு எங்களுக்குக் கொஞ்சம் அந்நியம்தான். பார்க்க ரக்பி மாதிரி இருக்கும், ஆனால் இதில் பந்தை முன்னால் எறியலாம். எறிகிற வேலை குவாட்டர்பக்குடையது. எதிரணி எப்படி நிற்குது எண்டு வாசித்து, இரண்டு மூன்று செக்கனுக்குள் எறிவதா, கொடுப்பதா, ஓடுவதா எண்டு அவர் முடிவெடுக்க வேணும். அதனால் "கல்லூரியில் நல்லா விளையாடினார் சரி, தொழில்முறைக்குத் தயாரோ?" எண்டு கேட்பதில் பிழையில்லை. தொழில்முறையில் எதிரணி வேகம் கூட, இடைவெளி குறைவு. 1998இல் இரண்டாவதாகத் தெரிவான ரையன் லீஃப் சில வருடங்களிலேயே காணாமல் போனார். ஜாக்சனுக்கு முன்னால், 10ஆவதாகத் தெரிவான ஜோஷ் ரோசனை அரிசோனா அணி ஒரே வருடத்தில் கைமாற்றிவிட்டது.

ஆனால் எல்லாச் சந்தேகமும் ஒண்டில்லை. அதே ட்ராஃப்டில் 7ஆவதாகத் தெரிவானவர் வையோமிங் பல்கலைக்கழகத்தின் ஜோஷ் அலன். 2017இல் அவர் எறிந்தவற்றில் சரியாகப் போய்ச் சேர்ந்தவை 56.3 வீதம். ஜாக்சனுடையது 59.1 வீதம். இரண்டு பேருக்கும் கை சுத்தமில்லை எண்டுதான் கதை. அலனைப் பற்றி என்ன சொன்னார்கள்? நல்ல உயரம், பலமான கை, பழக்கினால் வரும். ஜாக்சனைப் பற்றி? பல அணிகளை நிர்வகித்த பில் போலியன், அவர் பந்து எறிவதை விட்டுவிட்டு, பந்தைப் பிடிக்கிற ரிசீவராக மாற வேணும் எண்டு வெளிப்படையாகவே சொன்னார். அலன் வெள்ளையர். ஜாக்சன் கறுப்பினத்தவர்.

இது 2018இல் முளைத்த பேச்சில்லை. 1968இல் டென்வர் அணி மார்லின் பிரிஸ்கோவைத் தடுப்பாட்டக்காரராகத்தான் எடுத்தது. தன்னைக் குவாட்டர்பக்காகவும் சோதித்துப் பார்க்க வேணும் எண்டு அவர் கேட்டு வாங்கினார். அந்தப் பருவத்தில் 14 டச்டவுன் எறிந்தார். அடுத்த வருடம் அவருக்கு அந்த இடம் இல்லை. பஃபலோவுக்குப் போய் ரிசீவரானார்.

வாரன் மூன் 1978 ஜனவரியில் ரோஸ் போல் ஆட்டத்தில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்காக மிச்சிகனை வீழ்த்தி, ஆட்ட நாயகனும் ஆனார். இருந்தும், அவரைக் குவாட்டர்பக்காகப் பார்க்க என்.எஃப்.எல் அணிகளுக்கு மனமில்லை. இடத்தை மாற்றச் சம்மதிக்காமல் அவர் கனடாவின் எட்மன்டன் அணிக்குப் போனார். அந்த வருட ட்ராஃப்டின் 12 சுற்றிலும் அவர் பெயர் வரவில்லை. எட்மன்டன் 1978இலிருந்து 1982 வரை தொடர்ந்து ஐந்து கிண்ணம் வென்றது. 1984இல்தான் ஹூஸ்டன் அணி அவரை என்.எஃப்.எல்லுக்குக் கூட்டி வந்தது. 2006இல், தொழில்முறை ஃபுட்போலின் புகழ்மண்டபத்துக்குள் போன முதல் கறுப்பினக் குவாட்டர்பக் அவர்தான்.

1988 ஜனவரி 31 அன்று டக் வில்லியம்ஸ் சூப்பர் போலில் ஒரே கால்பகுதியில் நாலு டச்டவுன் எறிந்து, அந்த ஆட்டத்தை வென்ற முதல் கறுப்பினக் குவாட்டர்பக் ஆனார். அதுக்குப் பிறகும் முப்பது வருடம் கழித்து ஒரு ஹைஸ்மன் விருதாளரிடம் "இடத்தை மாத்து" எண்டு கேட்க முடிந்தது எண்டால், ஒரு வெற்றியால் இந்தச் சந்தேகம் சாகாது எண்டுதான் அர்த்தம்.

ஜாக்சன் மாறவில்லை. ட்ராஃப்டுக்கு முந்தின சோதனைகளில் 40 யார் ஓட்டத்தைக்கூட அவர் ஓடவில்லை. தன்னை எறிபவராகவே பார்க்க வேணும் எண்டு நின்றார். 2019 பருவத்தில் 36 டச்டவுன் எறிந்தார், 1,206 யாரும் ஓடினார். லீக்கின் மிகச் சிறந்த வீரர் விருது வாக்களித்த எல்லாருடைய வாக்கோடும் அவருக்குக் கிடைத்தது. போலியனும் தான் பிழை எண்டு ஒத்துக்கொண்டார்.

இதில் அலனின் கதையையும் விட ஏலாது. அவருடைய 52.8 வீதம் (2018) இரண்டே வருடத்தில் 69.2 ஆனது. 2024 பருவத்துக்கான அதே விருது அவருக்கு. அலனில் வைத்த நம்பிக்கை பிழையில்லை. பிழை, அதே நம்பிக்கையை மற்றவருக்குக் கொடுக்காததில்தான்.

"இன்னும் தயாரில்லை" எண்டு சொல்பவர் பயிற்சிக்கு நேரம் தருகிறார். "இது உனக்கில்லை" எண்டு சொல்பவர் அந்த நேரத்தையே பறிக்கிறார். இரண்டும் ஒரே மாதிரி அக்கறையான குரலில்தான் காதில் விழும். அடுத்தமுறை ஆரையாவது பார்த்து "தயாரில்லை" எண்டு நாங்கள் சொல்ல வெளிக்கிடும்போது, இரண்டில் எதைச் சொல்கிறம் எண்டு ஒருக்கா யோசிப்பம்.