காவலூர் அளந்த வியாழச் சந்திரன்

தருமபுரி மாவட்டத்துக்கு வடகிழக்கே நீண்டு கிடக்கும் சவ்வாது மலையில், அக்காலத்தில் வட ஆர்க்காட்டைச் சேர்ந்திருந்த காவலூர் என்னும் சிற்றூரை, தென்வானத்தையும் நன்கு நோக்கத்தக்க ஸ்தலமென்று தேர்ந்து அங்கே வான ஆராய்ச்சி நிலையம் கண்ட பெருமை வானியலறிஞர் வைணு பாப்புவுக்கு உரியது. 1972 ஜூன் 7 அன்று, வியாழனின் மிகப் பெரிய சந்திரனாகிய கனிமீடு, தனுசு மண்டலத்தில் வெறுங்கண்ணுக்குப் புலனாகாத ஒரு விண்மீனை மறைத்துச் சென்ற அபூர்வ நிகழ்ச்சியைக் காவலூரிலிருந்தும் ஜாவாவின் லெம்பாங் நிலையத்திலிருந்தும் அறிஞர்கள் ஒளிமானி கொண்டு பதிவு செய்தனர். காவலூரின் சார்பில் இதில் பங்கு கொண்டவர் ஜே. சி. பட்டாச்சாரியா.

விண்மீன் மறைந்து மீண்டும் தோன்றும் வரை கழிந்த கால அளவைக் கொண்டு அவர்கள் கணித்த விட்டம் சுமார் 5,270 கிலோமீட்டர்; இன்று வழங்கும் அளவோ 5,268. கனிமீடைச் சூழ மெல்லிய வாயுமண்டலம் உண்டென்று 1973-இல் அவர்கள் வெளியிட்ட முடிவு, 1979-இல் சென்ற வாயேஜர் கலத்தின் சோதனையில் நிற்கவில்லை. விட்டம் நின்றது, இரண்டில் அதுவே பெரிதென்பது என் துணிபு.

ஏனெனில், விட்டத்தோடு நிறையும் தெரிந்தால் அடர்த்தி தெரியும், நீரைப்போல் 1.94 மடங்கான அவ்வடர்த்தி, பாறையும் பனிக்கட்டியும் ஏறக்குறையச் சரிபாதியாகக் கலந்த கோளம் இதுவென்று காட்டிவிடுகிறது. இளம் வியாழனைச் சுற்றிச் சுழன்ற வாயுவும் தூசியும் நிறைந்த தட்டில், நீர் உறையுமளவு குளிர்ந்த பிராந்தியத்தில், பனியும் கல்லும் சேர்ந்து திரண்டு இது பிறந்தது. மோதல்களின் உஷ்ணமும், பாறையிலுள்ள யுரேனியம், தோரியம், பொட்டாசியம் ஆகியவற்றின் கதிரியக்க உஷ்ணமும் பனியை உருக்கவே, சேலம் தருமபுரிப் பக்கத்துப் பழைய உலைகளில் இரும்பு வேறு, கிட்டம் வேறு எனப் பிரிந்ததுபோல், கனத்த பாறை உள்ளே அமிழ்ந்தது. அதனினும் கனத்த இரும்பு மத்தியை அடைந்தது. 1996-இல் கலிலியோ கலம் அங்கே கண்ட காந்தப்புலம், அவ்விரும்பு இன்னும் உருகிய நிலையில் இயங்குவதற்குச் சான்றாகும். மேலே பனி ஓடு, அதன்கீழ் உப்புக்கடல், கடலுக்கும் அடியில் பேரழுத்தத்தால் நீரினும் கனத்துப் போன வேறு வகைப் பனி என்பதே இன்று அறிஞர் காணும் அமைப்பு.

ஆயினும், ஏறத்தாழ அதே பருமனும் அதே சேர்மானமும் கொண்ட அண்டைச் சந்திரன் காலிஸ்டோவில் கல்லும் பனியும் இவ்வாறு முற்றும் பிரியவில்லை என்று அதே கலத்தின் அளவைகள் காட்டின. இவ்வேற்றுமைக்கு இன்னும் முடிந்த விடை கிடைக்கவில்லை. 2023 ஏப்ரலில் ஐரோப்பியர் ஏவிய ஜூஸ் கலம் 2031-இல் வியாழனை அடைந்து, பின்னர் கனிமீடையே சுற்றிவர இருக்கிறது.