மணியாய் ஏறி நுரையாய் விரிதல்: அப்புத்தளை மலைக்குப் பொலிஸ்டைரீன் அச்சுத்தொழில் பொருந்துமாறு

அப்புத்தளையைச் சூழ்ந்த தோட்டங்களில், மார்கழி தை மாதங்களின் குளிரைத் தாங்கமாட்டாது, லயக் காம்பராவின் தகரக் கூரைக்கும் சுவரின் தலைக்கும் நடுவே கிடக்கும் சந்துகளில், தொலைக்காட்சிப் பெட்டியோடு கொழும்பிலிருந்து வந்த வெண்ணிற நுரைக்கட்டிகளை அளவாக அறுத்துச் செருகியிருப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். பொலிஸ்டைரீன் நுரையாகிய அதனை நம்மவர் ரெஜிபோம் என்பர். தமிழகத்தார் தெர்மாகோல் என்பர். பொதிகட்டி எறிவதற்கென்று செய்யப்பட்ட பொருளை எடுத்துக் குளிர்காப்பாக ஆக்கிக்கொண்ட அந்தக் கைகள், அப்பொருளின் உண்மையான குணத்தை அதனைப் பொதியாக அனுப்பியவரினும் சரியாக அறிந்திருந்தன என்பதே என் அபிப்பிராயம். நுரையாக ஊதிமுடித்த பொருளை மலைக்குக் கொண்டுவருதல் வீண். நுரையாகத்தக்க மணிகளையே மலையேற்றி, வேண்டிய இடத்தில், நெடுங்காலம் நிலைத்துநிற்கும் பண்டங்களாக மாத்திரம் விரியச்செய்தலே ஊவாவுக்கு உகந்த முறை என்னும் கொள்கையை, அம்மணியின் சுபாவத்தையும் இம்மலையின் சுபாவத்தையும் ஒப்புநோக்கி நிறுவ இக்கட்டுரையில் முயல்கிறேன்.

மணியின் பிறப்பு ஓர் ஒளடதக் கடையில் நிகழ்ந்தது. ஆயுர்வேத வைத்தியர் சிலாரசம் என வழங்கும் மரப்பிசினை 1839ஆம் ஆண்டு பெர்லின் நகரத்து மருந்தாளர் எடுவார்ட் சீமோன் காய்ச்சி வடித்தபோது, மணமுள்ள எண்ணெய் போன்ற திரவமொன்று கிடைத்தது. அவர் அதற்கு ஸ்டைரோல் எனப் பெயரிட்டார்; இன்று அதனை ஸ்டைரீன் என்பர். வைத்திருந்த சில மாதங்களில் அத்திரவம் பாகுபோல இறுகிற்று. சீமோன் அதனைக் காற்றுப்பட்டதால் வந்த விகாரமென்று கருதினார். 1845இல் பிளைத், ஹொஃப்மன் என்னும் இருவர் காற்றின்றியும் அது இறுகுவதைக் காட்டினர். சிறு மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் கைகோத்து நெடுஞ்சங்கிலியாகும் இச்செயலின் தத்துவத்தை ஹெர்மன் ஸ்டௌடிங்கர் 1920இல் எடுத்துரைத்தபோது அக்காலத்து அறிஞர் பலர் ஏற்க மறுத்தனர். அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது 1953இல். இடைப்பட்ட காலத்தில், 1949இன் இறுதியில், ஜெர்மனியின் லுட்விக்ஸ்ஹாபன் நகரிலுள்ள பி.ஏ.எஸ்.எப். ஆய்வுகூடத்தில் பிரிட்ஸ் ஸ்டாஸ்னி என்பவர், சப்பாத்து மெருகுத் தகரடப்பியொன்றில் பொலிஸ்டைரீன் மாதிரியொன்றை இட்டு உலர்த்தும் அடுப்பினுள் வைத்து மறந்துவிட, அது வெண்ணுரைக் கம்பமாக எழுந்து டப்பியின் மூடியைத் தன் தலைமேல் தாங்கிநின்றது என்பர். 1950 பெப்ரவரியில் அதற்குக் காப்புரிமை கோரப்பட்டது. ஸ்டைரோபோர் என்னும் பெயரில் அது சந்தைக்கு வந்தது.

மறதியினால் கிடைத்ததென்று சொல்லப்படும் இக்கதை இனிமையானதே; ஆயினும் மறதி தந்தது நுரையை மட்டுமே. ஒரே அளவாகவும், ஒன்றோடொன்று ஒட்டாததாகவும், மாதக்கணக்கில் தன் விரியும் ஆற்றலை இழக்காததாகவும் உள்ள மணியை ஆக்குதல் வேறு வகையான உழைப்பு. ஸ்டைரீன் திரவத்தை நீரில் விட்டுக் கலக்கினால் அது துளிதுளியாகப் பிரிந்து தொங்கும். துளிகள் மீண்டும் ஒன்றுசேராதபடி முக்கல்சியம் பொஸ்பேற்று போன்ற நுண்பொடி அவற்றின் மேற்பரப்பில் படிந்து காவல்செய்யும். பென்சோயில் பெரொட்சைட்டினால் தூண்டப்பட்டு, ஏறத்தாழ 90 பாகைச் செல்சியசு வெப்பத்தில், ஒவ்வொரு துளியினுள்ளும் பல்பகுதியாக்கம் நிகழும். இதில் மிக ஆபத்தான தருணம் நடுவழியில் வருகிறது: துளி திரவமுமன்றித் திண்மமுமன்றிப் பிசினாய் நிற்கும் அவ்வேளையில் கலக்கியின் வேகம் தளர்ந்தாலும், காவற்பொடி குறைந்தாலும், பல தொன் சரக்கு முழுவதும் ஒரே கட்டியாகத் திரண்டு உலையை அடைத்துவிடும். அத்தருணத்தைக் கடந்தபின் அமுக்கத்தின்கீழ்ப் பென்டேன் செலுத்தப்பட்டு மணியின் நிறையில் ஐந்து முதல் ஏழு சதவீதம்வரை ஊறுகிறது. பென்டேன் பொலிஸ்டைரீனைக் கரைப்பதில்லை. இளக்க மட்டுமே செய்யும். 36 பாகையிலேயே கொதிக்கும். கரையாமல் தங்குதலும் எளிதில் ஆவியாதலுமாகிய இவ்விரண்டு குணங்களின் சேர்க்கையே மணியின் இரகசியம் முழுவதும். பின்னர் மணிகள் சல்லடையிற் பிரிக்கப்பட்டு, பெரியன கட்டிகளுக்கும் பலகைகளுக்கும், சிறியன மெல்லிய சுவருடைய பண்டங்களுக்கும் என வகுக்கப்படுகின்றன. ஒன்றோடொன்று ஒட்டாதிருக்கச் சிங்கு ஸ்டியரேற்று போன்ற பொடிப்பூச்சும் பெறுகின்றன.

ஸ்டைரீனை ஆக்கும் ஆலை இலங்கையில் இல்லை. 1969இல் தொடங்கிய சப்புகஸ்கந்தை எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையம் எரிபொருளுக்காக அமைந்தது. ஆகவே மணி கடல்கடந்தே வரவேண்டும். நமக்கு அருகே, சென்னைக்கு வடக்கே மணலி புதுநகரிலேயே அது செய்யப்படுகிறது. நாம் விருத்திசெய்யத்தக்கது மணியை ஆக்கும் தொழிலன்று, மணியை விரித்து அச்சிலிடும் தொழிலே. இதனைக் குறைவாக எண்ணுவார் உளர். நான் அவ்வாறு எண்ணவில்லை.

ஏனெனில் மலைக்கு எதிரி பாரமன்று, பருமனே. விரியாத மணிகள் குவிந்துகிடக்கையில் ஒரு கன மீற்றருக்கு ஏறத்தாழ 640 கிலோகிராம் கொள்ளும். விரிந்து அச்சிலிட்ட நுரையோ அதே இடத்தில் 16 கிலோகிராம் அளவே இருக்கும். எஞ்சியது காற்று, நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்கு. ஐந்து தொன் மணி எட்டுக் கன மீற்றருக்குள் அடங்கும். அதையே கொழும்பில் நுரையாக்கினால் முந்நூற்றுப் பத்துக் கன மீற்றருக்கு மேல் வேண்டும், அதாவது முப்பது கன மீற்றர் கொள்ளும் லொறி பதினொரு தடவை பெரகலை வளைவுகளில் ஏறியிறங்கவேண்டும். அப்புத்தளைக்கு 1893இல் புகையிரதம் வந்த நாள்முதல் இம்மலையின் வாணிபம் முழுவதும், சிறு பருமனில் மிகு மதிப்பு என்னும் நியதியின்மேலேயே நின்றுவந்தது: நான்கு கிலோவுக்கும் மேற்பட்ட பச்சைக் கொழுந்தை ஒரு கிலோ தேயிலையாகச் சுருக்கி இறக்குகிறோம், இறக்குவதைச் சுருக்கத் தெரிந்த நாம், ஏற்றுவதை மட்டும் ஊதிப் பெருக்கி ஏற்றுவதற்கு நியாயமில்லை.

மலையில் மணியை விரிப்பதிலோ, நூல்களில் எழுதப்பெறாத ஓர் இடர் உண்டு. நூல்கள் பெரும்பாலும் சமவெளித் தொழிற்சாலைகளுக்கென எழுதப்பட்டவை. அப்புத்தளை கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,430 மீற்றர் உயரத்தில் உள்ளது. இங்கே வளிமண்டல அமுக்கம் கடற்கரையிலுள்ளதில் ஏறத்தாழ 85 சதவீதம். நீர் 95 பாகையிலேயே கொதித்துவிடும். சோறு வேக இங்கே கூடுதல் நேரம் பிடிப்பதை அடுக்களையிலுள்ள எவரும் அறிவர். பொலிஸ்டைரீன் ஏறத்தாழ 100 பாகையில் இளகுவது. பென்டேன் ஊறியிருப்பதால் அதனினும் தாழ்ந்த வெப்பத்தில் இளகத் தொடங்கும் என்றாலும், விரிய விரியப் பென்டேன் வெளியேறுவதால் மணி மீண்டும் விறைக்கிறது. அக்கடைசிக் கட்டத்தில் ஐந்து பாகைக் குறைவு அற்பமன்று. வெளியமுக்கம் தாழ்ந்திருப்பது மணியின் வீக்கத்துக்குச் சற்றுத் துணைசெய்யுமென்பது மெய். ஆயினும் இளகாத சுவரை எவ்வமுக்கமும் விரிக்கமாட்டாது. ஆதலால் திறந்த தொட்டியில் கொதிநீராவி பாய்ச்சி மணியை விரிக்கும் மலிவான முறை இங்கே தளர்வாகவே நடக்கும். சிறிதளவு அமுக்கம் தாங்கும் மூடிய பாத்திரமே இம்மலைக்கு ஏற்றதெனக் கணிக்கிறேன்.

விரிந்த மணியினுள் பென்டேனும் நீராவியும் குளிர்ந்து ஒடுங்க, வெற்றிடம் தோன்றும். உடனே அச்சிலிட்டால் அது சுருங்கிப்போகும். ஒரு பகலும் ஓர் இரவும் காற்றோட்டமுள்ள துணிப்பைகளில் ஆறவிட்டால், காற்று மெல்ல உட்புகுந்து வெற்றிடத்தை நிரப்பும். அதன்பின் துளைகளிட்ட அச்சினுள் மணிகளை நிறைத்து நீராவி பாய்ச்ச, அவை ஒன்றையொன்று நெருக்கி, முகத்தோடு முகம் உருகி இணையும். இங்கும் ஒரு நுட்பம் உண்டு. அமுக்கமானி காட்டுவது வெளியமுக்கத்துக்கு மேற்பட்ட மிகுதியையே, மானியில் 0.8 பார் என்றால் கொழும்பில் உள்ளே 117 பாகை, அப்புத்தளையில் 114 பாகையளவே. கொழும்பிற் பயின்ற தொழிலாளி தன் பழைய எண்ணையே இங்கும் வைப்பாராயின், வெளியே வழவழப்பாகவும் உள்ளே மணிமணியாக உதிர்வதாகவும் உள்ள பலகை கிடைக்கும்; பழி இயந்திரத்தின்மேல் விழும்.

எதைச் செய்வது என்பதிலேதான் பலரும் வழிதவறினர். 2017 ஏப்ரல் 14ஆம் நாள் மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கு மேற்பட்ட உயிர்களைப் பலிகொண்டதன் பின்னர், அவ்வாண்டு செப்டெம்பர் முதலாம் திகதியிலிருந்து அரசாங்கம் ரெஜிபோம் உணவுப் பெட்டிகளைத் தடைசெய்தது. அத்தடை சரியானதே. அரைமணி நேரச் சோற்றுக்காக நூறாண்டு அழியாத பாத்திரத்தைச் செய்தல், மணியின் குணத்துக்கே செய்யும் அநீதி. ஆனால் அத்தடையைக் கண்டு பொருளையே பாவமென்று ஒதுக்குவோர், அழியாமை என்னும் ஒரே குணம் சோற்றுப்பெட்டியில் குற்றமாகவும் கூரையில் நன்மையாகவும் நிற்பதைப் பாராதவர்கள். மரக்கறிப் பெட்டிகளைப் பற்றியும் சிலர் கேட்கின்றனர்: வெலிமடைக் கரட்டும் பண்டாரவளை லீக்ஸும் சாக்கில் நசுங்கி வீணாவது உண்மை, எனினும் பலநூறு தடவை திரும்பிவரத்தக்க வன்பிளாஸ்ரிக் கூடை இருக்க, விளிம்புடைந்து உதிரும் நுரைப்பெட்டியை அங்கே நான் பரிந்துரையேன்.

கூரையோ வேறு. தகரத்தின் கீழ் ஐம்பது மில்லிமீற்றர் தடிப்புள்ள நுரைப்பலகை அமைந்தால், அதன் வெப்பக் கடத்தாறு மீற்றர்-பாகைக்கு 0.036 வாற்று அளவாதலால், வெறுந்தகரத்தின் ஊடாகப் போகும் வெப்பத்தில் ஏறத்தாழப் பத்திலொரு பங்கே போகும். விடியற்காலையில் தகரத்தின் உட்புறம் வேர்த்துப் பாயிலும் பிள்ளைகளின் முகத்திலும் சொட்டுவதற்குக் காரணம், மூச்சின் ஈரம் குளிர்ந்த உலோகத்திற் படுதல். பலகையின் மூட்டுகளை இறுக அடைத்து, ஈரக்காற்று மேலேறித் தகரத்தைத் தொடாதபடி செய்தால் அச்சொட்டும் நிற்கும். 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண்சரிந்து லயன்வரிசைகளை மூடியபின், 7 பேர்ச் காணியில் தனிவீடு என்னும் பேச்சு தோட்டமெங்கும் எழுந்தது. அவ்வீடுகள் எழும் சரிவுகளுக்குச் சீமெந்துக் கல்லையும் மணலையும் தலைச்சுமையாகவே ஏற்றவேண்டிய இடங்கள் அநேகம். நுரைமணியைச் சீமெந்தோடு கலந்து பாரங்குறைந்த சுவர்ப்பலகை செய்யும் முறையை மொறட்டுவைப் பல்கலைக்கழக ஆய்வாளர் சோதித்து அதன் வலிமையை வெளியிட்டுள்ளனர். அதில் ஒருமுறை பயன்பட்ட நுரையையும் அரைத்துச் சேர்க்கலாம் என்பது எனக்குப் பெருமகிழ்ச்சி தருவது.

தீயைப் பற்றிச் சொல்லாமற் கடந்தால் இக்கட்டுரை நேர்மையற்றதாகும். பொலிஸ்டைரீன் எரியும், எரியுமுன் உருகிச் சொட்டும், கரும்புகை கக்கும். விறகடுப்புள்ள காம்பராவில், ஒரே கூரையின்கீழ்ப் பத்துக் குடும்பங்கள் வாழும் வரிசையில், ஒரு மூலையிற் பிடித்த தீ மறுமூலைவரை ஓடியதைத் தோட்டத்தார் எத்தனையோ முறை கண்டிருக்கின்றனர். தீத்தடுப்பாக முன்னர் மணியிற் சேர்த்துவந்த ஹெக்சாபுரோமோசைக்குளோடொடெக்கேன் என்னும் பொருளை, உயிர்களின் உடலில் தேங்கும் நஞ்சென்று கண்டு 2013இல் ஸ்டொக்ஹோம் உடன்படிக்கை விலக்கற்பட்டியலில் சேர்த்தது. அதற்கீடாகப் புரோமின் ஏறிய பல்பகுதியங்கள் வந்துள்ளன. ஆயினும் எத்தடுப்பும் தீயைத் தாமதிக்குமேயன்றி ஒழிக்காது. ஆகவே நுரைப்பலகை அடுப்பங்கரைப் பக்கம் வெறுமையாகத் தெரியவே கூடாது; சீமெந்துப் பூச்சு அல்லது எரியாத தகடு அதனை முழுதும் மூடவேண்டும். லயத்துச் சந்துகளிலே நான் கண்ட செருகல்கள் விவேகமுடையனவேயாயினும் ஆபத்துடையன என்பதையும் இவ்விடத்தில் கூறியாகவேண்டும்.

தொழிற்கூடத்தை எங்கே வைப்பது? தோட்டத்தார் ஸ்டோர் என்னும் தேயிலைத் தொழிற்சாலைகளுள், இயங்காது பூட்டிக்கிடக்கும் பழையன மலைநாட்டில் உண்டு. ஆனால் இயங்கும் ஸ்டோருக்கு அருகில் இத்தொழிலை வைத்தலாகாது. தேயிலை அண்டை மணத்தைக் கவர்ந்துகொள்ளும் சுபாவமுடையது; புதிதாக வார்த்த நுரை பலநாள்வரை பென்டேனைக் கசியவிடும்; ஸ்டைரீனின் எச்சமும் மணக்கும். கச்சான் காற்று வீசும் ஆடி ஆவணியில் ஊவாத் தேயிலைக்கு வாய்க்கும் தனிவாசனையே அதன் விலை. அக்காற்று வரும் திசையில் நுரைக்கூடம் நிற்குமானால், ஒரு தொழிலை வளர்க்க இன்னொன்றைக் கெடுத்தவராவோம். பென்டேன் காற்றினும் பாரமானதாகையால் தாழ்ந்த மூலைகளிற் படிந்து நெருப்புப்பொறிக்குக் காத்திருக்கும் என்பதும், தேயிலை உலர்த்தும் விறகுலைகளிலிருந்து அதனைத் தூரப்படுத்துவதற்குக் காரணம். மணியைச் சேமித்து வைப்பதற்கோ இக்குளிர் நன்மையே: வெப்பமான பண்டசாலையில் விரைந்து வெளியேறும் பென்டேன், இங்கே நெடுநாள் தங்கும்.

இறுதியாக ஒன்று, எனக்கு மிகுந்த கவலை தருவது. அப்புத்தளை நகரம் ஒரு மலைமுதுகின்மேல் அமர்ந்திருக்கிறது. வடபுறச் சாக்கடை நீர் உமா ஓயாவிற் கலந்து மகாவலியோடு திருகோணமலைக் கடலைச் சேர்கிறது. தென்புறச் சாக்கடை நீர் சரிவிறங்கித் தென்கடலை நோக்கிப் போகிறது. 2021இல் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்தபோது மேற்குக் கரையில் ஒதுங்கிய பிளாஸ்ரிக் மணிகளைக் குனிந்து பொறுக்கியவர்களின் படங்களை நாம் எல்லோரும் பார்த்தோம். இம்முதுகின்மேல் ஒரு கூடையிலிருந்து சிந்தும் மணி, தரை கழுவும் நீரோடு, இரண்டு கடலுக்கும் போகத்தக்கது. விரிந்தது மிதந்து போகும், விரியாதது மணலோடு உருண்டு போகும். மணியின் விட்டம் அரை மில்லிமீற்றருக்குக் குறையாத வகையையே கொள்வனவு செய்து, தரை முழுவதையும் விளிம்பு கட்டிய தளமாக்கி, கழுவுநீர் வெளியேறும் ஒரே வாயிலில் அதனினும் நுண்ணிய கண்ணுடைய இரட்டை வலையை இட்டு, அவ்வலையை நாள்தோறும் துப்புரவாக்கிக் கணக்கெழுதும் ஒருவரை நியமித்த பிறகே கொதிகலத்துக்குத் தீ மூட்டவேண்டும்.