வளரிளம் பருவத்தினரும் பொது நூலகமும்: நெட்டுக்குப்பம் கரையிலிருந்து ஒரு வரலாற்று நோக்கு

மனிதப் பருவங்களுக்குப் பெயரிடுவதில் தமிழ் மரபு ஒருநாளும் கஞ்சத்தனம் காட்டியதில்லை. பாட்டியல் நூல்கள் பெண்ணுக்குப் பேதை முதல் பேரிளம்பெண் ஈறாக ஏழு பருவங்களை வகுத்தன. ஆணுக்கும் மீளி, மறவோன், திறலோன், காளை, விடலை என்று பெயர்கள் வைத்தன. உலா பாடிய புலவன் மங்கையையும் மடந்தையையும் ஒன்றாகக் கருதியதில்லை. இருவர் பேச்சும் வேறு, நாணமும் வேறு. இது கவிஞர் அறியாத செய்தியன்று. ஆயினும் இருபதாம் நூற்றாண்டில் தமிழ்நாட்டில் பொது நூலகங்கள் எழுந்தபோது, அவற்றின் அலமாரிகள் பெரும்பாலும் இரண்டே பருவங்களை அறிந்திருந்தன: குழந்தை, பெரியவர். பதின்மூன்று வயதுக்கும் பதினெட்டு வயதுக்கும் இடைப்பட்டவர் எந்த அலமாரிமுன் நிற்பது என்ற வினாவை நெடுங்காலம் யாரும் எழுப்பவில்லை.

இவ்வினா எங்கும் பொருந்துவதே எனினும், வடசென்னைக் கடற்கரையில் அதன் கூர்மை மிகுதி. கொசத்தலையாறு கடலொடு கலக்கும் எண்ணூர் முகத்துவாரத்தை ஒட்டிய மீனவர் குடியிருப்பு நெட்டுக்குப்பம். ராயபுரத்தில் தொடங்கித் திருவொற்றியூர் வழியாக அங்கு முடியும் கடலோரப் பட்டையில் துறைமுகமும் தொழிற்சாலைகளும் குப்பங்களும் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. எண்ணூரில் 1948இல் நிறுவப்பெற்ற அசோக் மோட்டார்ஸ் பின்னர் அசோக் லேலண்ட் ஆயிற்று. 1970இல் இயங்கத் தொடங்கிய எண்ணூர் அனல்மின் நிலையம் 2017இல் மூடப்பட்டது. இத்தகைய ஊரில் பதினான்கு வயது என்பது வலையும் பட்டறையும் பள்ளியும் ஒருவனை மூன்று திசைகளில் இழுக்கும் வயது. நூலகம் நான்காவது திசையாக இருந்திருக்கலாம்.

தமிழகத்து நூலக இயக்கத்திற்குப் பெருமை குறைவில்லை. கணித ஆசிரியராயிருந்த சீர்காழி இரா. அரங்கநாதன் 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். 1928இல் சென்னை நூலகச் சங்கம் தோன்றியது. 1931இல் அவர்தம் நூலகவியல் ஐந்து விதிகள் நூல் வடிவம் பெற்றன. அவ்வைந்தில் இரண்டாம் விதி வாசகரை நோக்கியது. வாசகர் எவரும் தமக்குரிய நூலின்றித் திரும்பலாகாது என்பதே அதன் சாரம். அதே 1931ஆம் ஆண்டில் மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் கனகசபைப் பிள்ளை என்னும் பெருமகனார் மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார். 1948இல் அவினாசிலிங்கம் செட்டியார் கல்வியமைச்சராயிருந்த காலத்தில் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. விடுதலை பெற்ற இந்தியாவில் இவ்வகைச் சட்டங்களுள் அதுவே முதலாவது.

மேலவாசல் வண்டிக்கு மேலைநாட்டில் ஓர் உறவு உண்டு. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஈனாக் பிராட் நூலகத்தில் 1930களில் பணியேற்ற மார்கரெட் எட்வர்ட்ஸ் அம்மையார், 1940களில் குதிரை வண்டியொன்றில் நூல்களை ஏற்றிக்கொண்டு ஏழையர் தெருக்களுக்குச் சென்றார். இரு வண்டிகளுக்கும் உள்ள வேறுபாடு விலங்கில் இல்லை. எட்வர்ட்ஸ் அம்மையாரின் வாழ்நாட் பணி குறிப்பிட்ட ஒரு வயதினரைப் பற்றியது. பதின்ம வயதினரோடு உரையாடும் நூலகர், அவர்கள் விரும்பக்கூடிய நூற்றுக்கணக்கான நூல்களைத் தாமே படித்திருத்தல் வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். பட்டியலைக் காட்டுவது அவருக்குப் போதவில்லை. இந்த நூலை இந்தப் பையனுக்கு எடுத்துக் கொடுக்கத் தெரிந்த மனிதர் வேண்டும் என்றார். 1957இல் அமெரிக்க நூலகச் சங்கம் இளையோர் பணிக்கெனத் தனிப்பிரிவே கண்டது. நம் சட்டத்தின் முதற்கவலை வரியும் ஆணைக்குழுவும் கட்டடமுமாக இருந்தது. வறிய நாட்டில் அது பிழையன்று; ஆனால் கட்டடம் எழுந்த பின்னும் கவலை இடம் மாறவில்லை.

சட்டத்தின் அமைப்பும் இப்பகுதியில் ஒரு முரணை உண்டாக்கியது. நூலக வரி சொத்து வரியோடு சேர்த்துத் திரட்டப்படுவது. இன்று அது ரூபாய்க்குப் பத்துக் காசு. சென்னை நகருக்கு ஓர் ஆணைக்குழு, மாவட்டங்களுக்குத் தனித்தனி ஆணைக்குழு என்பது ஏற்பாடு. ஆகவே ராயபுரத்துச் சிறுவன் நகர ஆணைக்குழுவின் வாசகன். அதே கடலைப் பார்த்து வளர்ந்த எண்ணூர்ச் சிறுவன் செங்கற்பட்டு மாவட்டத்தின் வாசகன், 1997க்குப் பின் திருவள்ளூர் மாவட்டத்தின் வாசகன். கத்திவாக்கம் நகராட்சி 2011இல் மாநகராட்சியோடு இணைந்தது. சென்னை மாவட்ட எல்லை 2018இல்தான் அங்குவரை விரிந்தது. மேலும், சொத்து வரியின்மேல் நிற்கும் நூலக வருவாய் கட்டடங்களின் மதிப்பைப் பின்தொடர்வது. வாசிக்க விழைவோரின் தொகையைப் பின்தொடர்வதன்று. ஓலையும் ஓடும் வேய்ந்த குப்பத்தில் வரி குறைவு, பிள்ளைகள் மிகுதி. உறுப்பினராவதற்குரிய வைப்புத்தொகையும் முகவரிச் சான்றும், பட்டா இல்லாத மனையில் வாழும் குடும்பத்துப் பிள்ளைக்குச் சிறு தடைகள் அல்ல.

இனி நூல்களைப் பார்க்கலாம். இந்த வயதினருக்குத் தமிழில் நூல்களே இல்லை என்பது உண்மையன்று. இருந்தவை அவர்களுக்குரியவை என அடையாளம் காட்டப்படவில்லை என்பதே உண்மை. நேரு சிறையிலிருந்து மகளுக்கு உலக வரலாற்றை எழுதத் தொடங்கியது 1930இல், அவள் பதின்மூன்றாம் பிறந்தநாளை ஒட்டி. அதன் தமிழாக்கம் நூலகங்களில் பெரியவர்க்கான வரலாற்றுப் பகுதியில் அமர்ந்தது. மு. வரதராசனார் தம்பிக்கும் தங்கைக்கும் எழுதிய கடித நூல்கள் தமிழில் இளையோர் இலக்கியத்தின் முன்னோடிகள். அறிவுரை சற்று மிகுதி என்று இன்று தோன்றலாம். ஆயினும் குழந்தையாகவும் கருதாமல், முழுதும் வளர்ந்தவராகவும் கருதாமல் ஒருவரை நேர்நின்று விளிக்கும் குரலை அவர் கண்டறிந்தார். அக்குரல் கிடைப்பது எளிதன்று என்பதைக் கவிதை எழுதுவோர் ஒப்புவர்.

பெ. தூரனின் பணி இதனினும் பெரிது. பத்துத் தொகுதிகளில் கலைக்களஞ்சியத்தை 1954 முதல் 1968 வரை வெளிக்கொணர்ந்த கையோடு, தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் வாயிலாகக் குழந்தைகள் கலைக்களஞ்சியத்தையும் பத்துத் தொகுதிகளாக 1968 முதல் 1976 வரை முடித்தார். எந்திரமும் விண்மீனும் மீனினமும் எளிய தமிழில் விளக்கம் பெற்ற அத்தொகுதிகள், பட்டறைக்குப் போகும் பையனுக்கும் படகேறும் பையனுக்கும் பொருந்துவன. ஆனால் முகப்பில் ‘குழந்தைகள்’ என்ற சொல் இருந்தது. மீசை அரும்பும் வயதில் அந்த அலமாரிப் பக்கம் போக எவன் துணிவான்? துணிந்தாலும், அவை குறிப்புதவி நூல்கள். இரவலுக்கு உரியவை அல்ல.

நூலகம் விட்ட இடத்தைப் பிறர் நிரப்பினர். மீனவக் குடியிற் பிறந்த சிங்காரவேலர் தம் இல்லத்தில் பெருநூலகமொன்றைத் திரட்டி வைத்திருந்தார். 1923இல் சென்னையில் மே நாளைக் கொண்டாடியவரும் அவரே. 1949இல் ராயபுரம் ராபின்சன் பூங்காவில் திராவிட முன்னேற்றக் கழகம் தொடங்கப்பெற்றது. அதன்பின் வடசென்னைத் தெருமுனைகளில் கட்சிப் படிப்பகங்கள் பெருகின. கொட்டகை, இரண்டு விசுப்பலகை, நாலைந்து நாளேடுகள். வைப்புத்தொகை இல்லை, வயது வரம்பு இல்லை. எழுத்தறியாதவர்க்கு எழுத்தறிந்த சிறுவன் உரக்கப் படித்துக் காட்டினான். பதின்ம வயதுக்கு வேண்டிய ஒன்றைப் படிப்பகம் அறிந்திருந்தது: அவனுக்கு ஒரு வேலை கொடுத்தது. அதன் குறையும் பெரிதே. அந்த விசுப்பலகையில் பெண்பிள்ளைக்கு இடமில்லை. மடந்தைப் பருவத்திற்கு ஒரு பெயர் வைத்திருந்த சமூகம், அவள் உட்கார்ந்து படிக்க ஓர் இருக்கை வைக்கவில்லை.

மற்றொரு வாயில் வாடகைக் கடை. சிவகாசியிலிருந்து 1972இல் இரும்புக்கை மாயாவியோடு புறப்பட்ட முத்து காமிக்ஸும், 1984இல் தோன்றிய லயன் காமிக்ஸும் பள்ளிப் பைகளுக்குள் புகுந்து ஒரு தலைமுறையை வாசகராக்கின. படக்கதையைப் பொது நூலகம் பெரும்பாலும் நூலாகவே மதிக்கவில்லை. மாஸ்கோவில் அச்சாகி நியூ செஞ்சுரி புத்தக நிலையத்தின் வழி மலிவாக வந்த அறிவியல் நூல்கள் 1991இல் சோவியத் நாட்டோடு மறைந்தன. தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1987இல் தொடங்கிய ‘துளிர்’ அந்த வெற்றிடத்தில் ஒரு பகுதியை நிரப்பியது.

நூலகத்திற்கு எந்நூல் வரும் என்பதை முடிவு செய்வது நூலக ஆணை. கவிதைத் தொகுதி வெளியிட்டோர் அதன் அருமையையும் அதற்குக் காத்திருந்த ஆண்டுகளையும் அறிவர். அவ்வாணையில் ‘இளையோர்’ என்னும் தலைப்பு வழக்கில் இல்லாதபோது, அத்தலைப்பில் எழுதப் பதிப்பாளரும் முனையவில்லை. அண்மைக் காலத்தில்தான் நிலைமை சற்று மாறியது. 2020இல் யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’, 2023இல் உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’ ஆகியன சாகித்திய அகாதெமியின் பால புரஸ்கார் விருது பெற்றன. பின்னது இளையோர் நாவல் என்றே பேசப்பெற்றது.

2017 ஜனவரியில் எண்ணூர்க் கடலில் கப்பல்கள் மோதி எண்ணெய் கரையேறியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்ப் படலம் முகத்துவாரத்தில் பரவியது. நெட்டுக்குப்பத்துப் படகுகளும் வலைகளும் கறுத்தன. இறால் ஏன் செத்தது, இந்த நீரைத் தொடலாமா, அனல்மின் சாம்பலில் என்ன இருக்கிறது, இழப்பீட்டுக்கு யாரிடம் மனு எழுதுவது? இவை அவ்வூர்ப் பதினைந்து வயதினரின் வினாக்கள். பிற இடங்களில் இளையோர் நூலகப் பணி என்பது கதைப் புத்தகத்தோடு நிற்பதில்லை; உடல்நலம், தொழில், சட்டம் பற்றிய எளிய கையேடுகளும் அதில் அடங்கும். அத்தகைய தமிழ்க் கையேடுகள் நிறைந்த ஓர் அலமாரிக்கு எண்ணூரைவிடப் பொருத்தமான இடம் அரிது.

2010இல் கோட்டூர்புரத்தில் திறக்கப்பெற்ற அண்ணா நூற்றாண்டு நூலகம் குழந்தைகளுக்கெனச் சிறப்பான பகுதி கண்டது. அது நகரின் மறுகோடியில் உள்ளது. 2024இல் கொளத்தூரில் எழுந்த முதல்வர் படைப்பகம் போட்டித் தேர்வுக்குப் படிப்போருக்கும் இருக்கை தந்தது. தேர்வெழுதாதவன் வாசகனாக எண்ணப்படும் நாள் இனிமேல்தான். 2022இல் பள்ளிக் கல்வித் துறை ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை பயில்வோர்க்கென ‘தேன்சிட்டு’ என்னும் இதழைத் தொடங்கியது. அரசுப் பள்ளிகளின் வகுப்பறைகளுக்கு அது சென்று சேர்கிறது. எட்டாம் வகுப்போடு நின்று முகத்துவாரத்தில் வலையிழுக்கும் பையன் அவ்விதழ் வரும் வழியில் இல்லை.